நுழைவுக் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை: புதுக் கால்பந்து கிளப்புகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர், சுருக்கமாக எம்.எல்.எஸ்., 1996ல் 10 அணிகளோடு தொடங்கியது. 2025ல் சான் டியேகோ சேர்ந்தபோது எண்ணிக்கை 30 ஆனது. 2007ல் உள்ளே வந்த டொராண்டோ கட்டிய நுழைவுக் கட்டணம் 1 கோடி டாலர். சான் டியேகோ கட்டியது 50 கோடி டாலர். பதினெட்டு வருடத்தில் ஐம்பது மடங்கு! இதைப் பார்த்துவிட்டு லீக் அசைக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இதே லீக்கில் இரண்டு கிளப்புகள் ஒன்றாக இழுத்து மூடப்பட்டிருக்கின்றன. இன்னொன்றை லீக்கே விலைக்கு வாங்கி மூடியது. ஒரு நகரத்துக்கு இடம் உறுதி என்று அறிவித்த பிறகு, பணம் போட வந்தவர் விலகியதால் அந்த இடமே இல்லாமல் போனது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறுதான். உள்ளே வரத் தேவைப்படும் பணம் ஒன்று, வந்த பிறகு பத்துப் பதினைந்து வருடம் தாக்குப்பிடிக்கத் தேவைப்படும் பணம் வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கட்டணம் எங்கே போகிறது?

50 கோடி டாலர் கட்டினால் அந்தப் பணத்தில் ஒரு கிளப் உருவாகிவிடும் என்று நினைப்பது முதல் தவறு. அதில் ஒரு டாலர்கூடப் புதுக் கிளப்பின் மைதானத்துக்கோ, பயிற்சி மையத்துக்கோ, இளைஞர் அகாடமிக்கோ போவதில்லை. எம்.எல்.எஸ். நடக்கும் விதம் ஐரோப்பிய லீக்குகளைப் போன்றதல்ல. இங்கே லீக் என்பதே ஒரு நிறுவனம். முதலீட்டாளர் அந்த நிறுவனத்தில் ஒரு பங்கை வாங்குகிறார், கூடவே ஒரு நகரத்தில் அணியை நடத்தும் உரிமையும் கிடைக்கிறது. வீரர்களின் ஒப்பந்தம்கூட லீக்கோடுதான். இந்த ஏற்பாட்டை எதிர்த்து வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2002ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் லீக்கே ஜெயித்தது.

ஆக, நுழைவுக் கட்டணம் ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் பழைய உரிமையாளர்கள் பக்கம் போகிறது. பதிலுக்கு அவர்களும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தோடு 2022ல் அறிவிக்கப்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அன்றைய அறிவிப்பின்படி 10 வருடத்துக்கு 250 கோடி டாலர். வருடத்துக்கு 25 கோடி. 30 கிளப்புகளுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்குச் சுமார் 83 லட்சம் டாலர், அதுவும் செலவுகளைக் கழிக்கும் முன். இன்னொரு அணி வந்தால் இது இன்னும் கொஞ்சம் குறையும். கட்டணம் ஒரே தடவை வரும் பணம், பங்கு குறைவதோ எப்போதைக்கும். நுழைவுக் கட்டணத்தை ஆண்டு வருமானம் மாதிரி எண்ணிப் பழகிவிட்டால், அடுத்த அணியைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தப் பழக்கத்தின் முடிவை அமெரிக்கா முன்பே பார்த்திருக்கிறது. பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸ் இருந்த பழைய வட அமெரிக்க லீக், 1977ல் 18 அணிகளோடு இருந்தது. மறு வருடமே 24. காஸ்மோஸுக்குப் பின்னால் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் என்ற பெரிய நிறுவனம் நின்றது. மற்றவர்களும் அதே வேகத்தில் நட்சத்திரங்களுக்குச் செலவு செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1984ல் எஞ்சியது 9 அணிகள். அடுத்த சீசன் நடக்கவே இல்லை.

மைதானம் யாருடையது?

என்னைக் கேட்டால், ஒரு கிளப்பின் ஆயுளைச் சொல்ல உரிமையாளரின் சொத்து மதிப்பு வேண்டாம், மைதானத்தின் குத்தகைப் பத்திரம் போதும். டிக்கெட் விற்பனை பாதிக் கதைதான். பார்க்கிங், சாப்பாட்டுக் கடைகள், மைதானத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை, ஆட்டமில்லாத நாளில் நடக்கும் இசை நிகழ்ச்சி, இவையெல்லாம் மைதானத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் போகும் வருமானம். வாடகைக்கு ஆடும் கிளப்புக்கு மிஞ்சுவது சொற்பம். சிவாஸ் யு.எஸ்.ஏ. என்ற கிளப் 2005ல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து கடைசிவரை லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸியின் மைதானத்தில்தான் ஆடியது. ஒரே ஊர், ஒரே மைதானம், அதுவும் எதிரணியின் வீடு. 2014ல் லீக் அதை வாங்கியது, அந்த வருடக் கடைசியில் மூடியது.

சரி, மைதானம் கட்டிவிட்டால் போதுமா? அதையும் யார் கடனில் கட்டுகிறோம் என்பது முக்கியம். சிகாகோவை ஒட்டிய பிரிட்ஜ்வியூவைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பதினாறாயிரம் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். சிகாகோ ஃபயர் கிளப்புக்காக அந்த ஊர் நிர்வாகம் தன் பெயரில் கடன் பத்திரம் போட்டு மைதானம் கட்டியது. 2006ல் திறப்பு விழா. குத்தகை 2036 வரை. நகர மையத்திலிருந்து தூரம், வந்து போக ரயில் வசதி சரியில்லை, கூட்டம் எதிர்பார்த்த அளவுக்குச் சேரவில்லை. எதிர்பார்த்த வருமானம் வராததால் கடனை அடைக்க மேலும் கடன் வாங்கினார்கள். கடன் 20 கோடி டாலரைத் தாண்டியது, ஊர்க்காரர்களின் சொத்து வரி ஏறியது. 2019ல் கிளப் 6.55 கோடி டாலர் கொடுத்துக் குத்தகையை முறித்துக்கொண்டு, அடுத்த வருடம் நகரத்துக்குள் இருக்கும் சோல்ஜர் ஃபீல்டுக்குத் திரும்பிவிட்டது. மைதானமும் கடனும் பிரிட்ஜ்வியூவிடமே இருக்கின்றன.

கிளப்பின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவுதான். ஆனால் அந்தச் சின்ன ஊரின் கவுன்சில் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: கிளப் பாதியில் கிளம்பினால் தரும் நஷ்டஈடு, அன்றைய தேதியில் மிச்சமிருக்கும் கடனுக்கு ஈடாகுமா? இங்கே மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. கிளப்பின் இப்போதைய உரிமையாளர் ஜோ மன்சுவேட்டோ 2025ல் 65 கோடி டாலர் மைதானத் திட்டம் ஒன்றை அறிவித்தார், கட்டுமானச் செலவு தன்னுடையது என்ற உறுதியோடு. பிரிட்ஜ்வியூவுக்கு இருபது வருடம் முன்னால் இப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

ஒற்றைப் பணக்காரரை நம்புவது

2019 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகருக்கு எம்.எல்.எஸ். இடம் அறிவிக்கப்பட்டது. ரசிகர் கூட்டம் தயார், நகர நிர்வாகம் தயார், மைதானத்துக்கு இடமும் தயார். நுழைவுக் கட்டணம் 20 கோடி டாலர். முக்கிய முதலீட்டாளர் ரான் பர்க்கிள் 2021 பிப்ரவரியில் விலகினார். அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோனது. அந்த ஊரின் சாக்ரமென்டோ ரிபப்ளிக் இரண்டாம் நிலை அணியாகவே தொடர்ந்து, 2022ல் பல நிலை அணிகளும் மோதும் யு.எஸ். ஓப்பன் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை போனது. ஆட்டத்திலோ ஆதரவிலோ குறையே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு மனிதர் எழுந்து போனால் அந்த நாற்காலியில் உட்கார இன்னொருவர் தயாராக இல்லை, அதுதான் சிக்கல்.

அமெரிக்கக் கால்பந்து சம்மேளனத்துக்கு இதில் ஒரு விதி இருக்கிறது. முதல்நிலை லீக் அணியின் முதன்மை உரிமையாளர் குறைந்தது 35 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், அவரது சொத்து மதிப்பு 4 கோடி டாலருக்குக் குறையக் கூடாது. 50 கோடி டாலர் கட்டணம் கேட்கும் லீக்கில் இந்த 4 கோடி எதற்குப் பற்றும்? விதியைத் தாண்டிவிட்டார் என்பதால் தாக்குப்பிடிப்பார் என்று சொல்லிவிட முடியாது.

உரிமையாளரே கிடைக்காமலும் அணிகள் இருந்திருக்கின்றன. டாம்பா பே மியூட்டினியை வாங்க யாரும் வராததால் லீக்கே நடத்தியது. 2002 ஜனவரியில் அதையும் மயாமி ஃபியூஷனையும் சேர்த்தே மூடினார்கள். இத்தனைக்கும் ஃபியூஷன் 2001 லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்த அணி. களத்தில் ஜெயித்தால் கிளப் பிழைத்துவிடும் என்று நம்பும் ரசிகர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் அந்த அணிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதன் பிறகு எஞ்சிய 10 அணிகளையும் தாங்கியவர்கள் பிலிப் ஆன்ஷுட்ஸ், லாமார் ஹன்ட், கிராஃப்ட் குடும்பம் என மூன்று தரப்பினர் மட்டுமே. இந்த மூவரில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் இன்று பேசுவதற்கு லீக் இருந்திருக்காது.

இன்னொரு வகை ஆபத்து, ஒரே உரிமையாளரிடம் பல அணிகள் இருப்பது. ரியல் சால்ட் லேக் உரிமையாளர் டெல் லாய் ஹேன்சன் இனவெறிப் பேச்சுக் குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு 2020ல் விற்க முன்வந்தார். அவரிடமே இருந்த பெண்கள் அணியான யூட்டா ராயல்ஸின் வீராங்கனைகளும் ஒப்பந்தங்களும் அந்த டிசம்பரிலேயே கான்சஸ் சிட்டிக்குப் போய்விட்டன. ஆண்கள் அணிக்குப் புது உரிமையாளர் கிடைத்ததோ 2022 ஜனவரியில்.

விற்பனைப் பத்திரத்தைப் படிக்காமல் விடுவது

ஒஹையோ மாநிலத்தின் எம்.எல்.எஸ். அணியான கொலம்பஸ் க்ரூவை ஆண்டனி ப்ரிகோர்ட் 2013ல் வாங்கினார். அணியை டெக்சஸில் உள்ள ஆஸ்டினுக்குக் கொண்டுபோக வழிவிடும் ஒரு ஷரத்து அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. ரசிகர்களுக்கு இது தெரியவந்தது 2017 அக்டோபரில், அவர் கிளம்பும் எண்ணத்தை வெளியிட்ட பிறகுதான். கொலம்பஸைக் காப்பாற்றியது ஒஹையோ மாநிலத்தின் 1996ம் வருடச் சட்டம். அதே மாநிலத்தில் கிளீவ்லாந்தின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ (பந்தைக் கையில் ஏந்தி ஆடும் வேறு விளையாட்டு) அணி பால்டிமோருக்குப் போன ஆத்திரத்தில் போட்ட சட்டம் அது. வரிப்பண உதவி பெற்ற அணி ஊரைவிட்டுப் போக வேண்டுமானால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்புத் தர வேண்டும். மாநில அரசு வழக்குப் போட்டது, ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், கடைசியில் ஹாஸ்லம் குடும்பமும் மருத்துவர் பீட் எட்வர்ட்ஸும் அணியை வாங்கினார்கள். 2020லும் 2023லும் க்ரூ எம்.எல்.எஸ். கோப்பையை வென்றது. இப்படி ஒரு சட்டம் எல்லா இடத்திலும் இல்லை. அணி கைமாறும் அன்றைக்கே இடம்பெயர்வு ஷரத்து இருக்கிறதா என்று உள்ளூர்ப் பத்திரிகைகளும் ரசிகர் மன்றங்களும் கேட்டாக வேண்டும்.

அப்புறம் அந்தச் சந்தை மதிப்பு விவகாரம். 2023ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை லாஸ் ஏஞ்சல்ஸின் இன்னொரு கிளப்பான எல்.ஏ.எஃப்.சி.யை 100 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. யாராவது வாங்கினால்தான் அது பணம். அதுவரை சம்பளமும் பயணச் செலவும் உரிமையாளரின் பையிலிருந்துதான் போகும்.

எம்.எல்.எஸ்.ஸில் ஆடும் கனடா அணியான வான்கூவர் வைட்கேப்ஸைப் பாருங்கள். 2024 டிசம்பரில் அணி விற்பனைக்கு என்று உரிமையாளர்கள் அறிவித்தார்கள். மறு வருடமே அந்த அணி வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கிளப்புகள் மோதும் கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதியிலும் எம்.எல்.எஸ். கோப்பையின் இறுதியிலும் ஆடியது. கிளப்பின் சரித்திரத்திலேயே மிகச் சிறந்த சீசன். ஆனால் அது ஆடும் பி.சி. பிளேஸ் மைதானம் மாகாண அரசு நிறுவனத்துடையது. வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் கோப்பைகளை எண்ணும் முன் அந்த நிறுவனத்தோடு உள்ள குத்தகையைத்தான் புரட்டிப் பார்ப்பார்.