லாச்சிக்குள் கிடந்த மணிக்கூட்டுக் கண்ணாடியும் பழைய சதக் காசுகளும்

அம்மப்பா மட்டக்களப்பில் மணிக்கூடு திருத்தியவர். அவருடைய மேசை லாச்சியைத் துப்பரவாக்கும்போது கறுப்புக் கிண்ணம் போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. கண்ணில் செருகிக்கொண்டு அவர் பற்சில்லுகளைப் பார்க்கும் லென்ஸ். அதே லாச்சியில் ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பழைய சில்லறை. பழைய காசு பார்க்கத் தொடங்குகிறவருக்கு இந்த லென்ஸை விட நல்ல கருவி இல்லை என்பேன். கை இரண்டும் ஓய்வாக இருக்கும். ஒன்று காசைப் பிடிக்கலாம், மற்றது விளக்கைத் திருப்பலாம்.

முதலில் லென்ஸைக் கவனியுங்கள். மாரி ஈரத்தில் கண்ணாடியின் மேல் பூஞ்சணம் சிலந்தி இழை போலப் படர்ந்திருக்கும். எடுத்தவுடனே துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். ஊதித் தூசியைப் போக்கி, வாயாவி விட்டு, பழகிய பருத்தித் துணியால் மெல்ல ஒற்றுங்கள். கிண்ணத்தின் பக்கத்தில் சிறு துளை இருந்தால் அதிலுள்ள அழுக்கை ஈர்க்கால் எடுத்துவிடுங்கள். கண்ணின் ஈர ஆவி லென்ஸில் படியாமல் வெளியேற வைத்த வழி அது.

விளிம்பில் ‘3’ என்று இருந்தால் மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கூட்டுக்காரரின் லென்ஸில் அந்த எண் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. காசை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறது. 10ஐ அதனால் வகுத்தால் மடங்கு வரும்: 3 என்றால் 3.3 மடங்கு, 2 என்றால் 5 மடங்கு. எண்ணோடு ‘எக்ஸ்’ எழுத்து சேர்ந்திருந்தால் மட்டும் அதுவே மடங்கு.

எண் அழிந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. யன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே நிற்கும் தென்னை தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் சுவருக்கும் இடைத்தூரத்தை அளவுங்கள். 5 சென்ரிமீற்றர் என்றால் 25ஐ 5ஆல் வகுக்க 5 மடங்கு. பழகுவதற்கு 3 முதல் 5 மடங்கு தாராளம். பத்து மடங்கில் காசின் ஒரு மூலைதான் தெரியும், தலையும் நோகும். லென்ஸை வெயில்படும் யன்னலில் விட்டுவிடவும் வேண்டாம், கீழே கிடக்கும் கடதாசி பற்றிக்கொள்ளும்.

சரி, இப்போது காசு. மேசையில் ஒரு துவாயை விரியுங்கள். கை தவறினாலும் காசு அடிபடாது. விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் பக்கத்தில் தாழ்வாக வையுங்கள். காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடித்து, கண்ணருகே மெல்லக் கொண்டுவாருங்கள். மற்றக் கண் திறந்தே இருக்கட்டும், மூடினால் சீக்கிரம் களைத்துவிடும். அப்புறம் காசைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியுங்கள். தேய்ந்துபோன விக்டோரியா காலத்து அரைச் சதம் ஒன்றை இப்படிச் சரித்தபோது, வெறும் செப்புத் தகடாகத் தெரிந்த இடத்தில் காசின் நடுவில் பொறித்த மரம் எழுந்தது. அதன் ஒரு பக்கத்தில் தமிழ் எழுத்தின் வளைவு நிழலோடு நின்றது. கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

பிரிப்பதை வடிவத்தில் தொடங்குங்கள். அதற்கு லென்ஸே வேண்டாம். சதுரமானவை ஐந்து சதம். அலை விளிம்புள்ளவை இரண்டு சதமும் பத்துச் சதமும். மிச்சமுள்ள வட்டங்களைச் செம்பு, வெள்ளி, மஞ்சள் என்று நிறத்தால் ஒதுக்குங்கள். 1942ஆம் ஆண்டு ஐம்பது சதம் வெள்ளி கலந்தது. 1943இல் அதுவே மஞ்சள் உலோகமாகிவிட்டது. போர்க்காலம். முட்டை அட்டையின் குழிகள் இதற்கு நல்ல தட்டு.

ஆண்டும் எழுத்தும் பார்க்கத்தான் லென்ஸ். ஆறாம் ஜோர்ஜின் 1943, 1944 காசுகளில் முகத்தைச் சுற்றி ‘மன்னரும் இந்தியாவின் பேரரசரும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். 1951 காசில் அந்தப் பேரரசர் பட்டம் இல்லை. இடையில் இந்தியாவும் இலங்கையும் சுதந்திரம் பெற்றுவிட்டன. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: புளி, சாம்பல், பற்பசை எதுவும் போட்டுக் காசை விளக்காதீர்கள். சின்ன வயதில் அந்தத் தகரத்துக் காசு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். இன்று லென்ஸில் அதன்மேல் மயிரிழைக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரிகின்றன. அவற்றை அழிக்க வழியில்லை. மண் ஒட்டியிருந்தால் சுத்தத் தண்ணீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், போதும்.

பார்த்து முடிந்த காசைச் சிறு கடதாசி உறையில் போட முன்பே ஆண்டையும் உலோகத்தையும் உறையில் பென்சிலால் எழுதிவிடுங்கள். லென்ஸைத் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கமுன் அந்தப் பொட்டலத்தை மாற்றிவிட வேண்டும்.