பழைய டர்போ கார் வாங்கும்போது நாம் கோட்டை விடும் இடங்கள்

போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், அபார்த் புண்டோ மாதிரி டர்போ கார்களுக்கென்று (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டும் கார்கள்) நம் ஊரில் ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது, நானும் அதில் ஒருவன். எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நம் ஆட்கள், விலை பேசும் நேரத்தில்தான் சறுக்குகிறார்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை மார்க்கெட் விலை என்று நம்புவது பெரிய தவறு. அது விற்கிறவர் கேட்கும் தொகை, எந்தத் தொகைக்குக் கைமாறியது என்பது வேறு. இரண்டு மாதம் பொறுமையாகக் கவனித்தால் அதே கார், அதே போட்டோ, விலை மட்டும் கொஞ்சம் இறங்கி மறுபடி வருவதைப் பார்க்கலாம். அதோடு, 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஐ20 என் லைன் போல 4 மீட்டருக்குள் இருக்கும் 1 லிட்டர் பெட்ரோல் கார்களுக்கு, செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. 1.5 லிட்டர் விர்டுஸ் ஜிடிக்கு 45இல் இருந்து 40. 'நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்' என்று அதற்கு முந்தைய ஆன்ரோடு பில்லைக் காட்டி ஒருவர் பேரத்தை ஆரம்பித்தால், இன்றைய ஷோரூம் விலையை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

அடுத்தது, 'அபூர்வமான கார், விலை இறங்கவே இறங்காது' என்ற நம்பிக்கை. 2016இல் போலோ ஜிடிஐ 25.99 லட்சத்துக்கு வந்தது, கொண்டுவரத் திட்டமிட்டதே 99 கார்கள்தான். மறு வருடமே கம்பெனியே 6 லட்சம் குறைத்து 19.99 லட்சம் ஆக்கியது. முதலில் வாங்கியவரின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! 2025இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் 100 கார்கள்தான், விலை 49.99 லட்சம், தமிழ்நாட்டில் 20 சதவீத ஆயுள் வரி மட்டுமே சுமார் 10 லட்சம். ஓட்டி அனுபவிக்க வாங்குங்கள், தாராளமாக. முதலீடு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1.2 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் எஞ்சின்) போலோ ஜிடியில் இருப்பது 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் பெட்டி. 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் இருப்பது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் வழக்கமான ஆட்டோமேட்டிக். இரண்டையும் டிஎஸ்ஜி என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவையில் ஒரு 1.2 பார்க்கப் போனேன். பானெட்டைத் தொட்டால் சூடு, அதாவது நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து ஓட்டியிருக்கிறார்கள், ஆறிய எஞ்சினின் முதல் ஸ்டார்ட் எப்படி இருக்கும் என்று பார்க்கவே முடியவில்லை. பைபாஸில் கார் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பும்போது காந்திபுரம் நெரிசலில் ஊர்ந்தோம், ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் காலுக்கடியில் ஒரு உதறல். மெக்கட்ரானிக்ஸ் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போயிருந்தால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும், வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதனால் டெஸ்ட் டிரைவை நெரிசலில் எடுங்கள், இருபது நிமிடமாவது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரும் கையில் இருக்கட்டும். பழைய பிழைக் குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருந்தால், சில சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதுவே காட்டிவிடும்.

ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய காருக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கூடுதல் டார்க் (சுழற்று விசை) எல்லாம் கிளட்சின் தலையில்தான் விடியும். கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் இது பிரச்சினையாகலாம்.

அப்புறம் டெல்லி கார்கள். அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற கட்டுப்பாடு வந்ததால் மலிவாகக் கிடைத்தன, 2025இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. அங்கே வாங்க வேண்டிய என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு, கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளைத் தொடரும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் வருடத்தின் 22ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், மழையில் பிடிக்காது. நான்கு புது டயரின் விலையைக் கடையில் கேட்டுக்கொண்டு போய், அந்தத் தொகையைப் பேரத்தில் கழிக்கச் சொல்லுங்கள்.