நெடுந்தீவு வீட்டில் பத்து நாள்: புறப்படுமுன் காணி உறுதியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள நெடுந்தீவில், அம்மம்மாவின் வீட்டில் பத்து நாள் நானே சமைத்து உண்டு, அவசரமில்லாமல் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதில் நான்கு நாள் காணி அலுவலில் போய்விட்டது.

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் படகு ஓடாத நாளும் வரும். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையில் வைத்திருங்கள்.

தண்ணீர்தான் சமையலைத் தீர்மானிக்கும். சுண்ணாம்புக்கல் தீவு, உவர்நீரின் மேல் மழைநீர் மெல்லிய படலமாகத் தங்கியிருக்கிறது. மோட்டர் போட்டு இறைத்தால் உப்பு மேலேறி, பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். வாளியால் அள்ளுங்கள். கிணற்று நீரில் பருப்பு இலகுவில் அவியாது. மீனும் கீரையுமே நல்லது. அடுப்புக்குப் பனம் மட்டையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) போதும்.

இரண்டாம் நாள் மாலை மாமா ஒரு பையோடு வந்தார். "ஒரு கையெழுத்துத்தான், பிள்ளை." என் பெயரிலுள்ள காணியில் பாதியை அவருடைய மகளின் பெயருக்கு நன்கொடையாக எழுதித் தர வேண்டுமாம். வந்த களைப்பு தீருமுன்னே கேட்கிறாரே என்று எரிச்சல் வந்தது. சரி, முடித்துவிடலாம் என்று மறுநாள் முதல் படகில் யாழ்ப்பாணம் போனோம். பத்திரம் எழுதும் நொத்தாரிசு காணி உறுதியைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கணவரின் சம்மதம் எங்கே?"

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தாய்வழி வந்த காணியானாலும், அதைக் கைமாற்றக் கணவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707 இல் தொகுத்த வழமையின் தொடர்ச்சி இது. என் அம்மாவின் சீதனக் காணிக்கு என் கையெழுத்து மட்டும் போதாது என்று கேட்டு நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது. கணவர் ரொறன்ரோவில். அவர் தொலைபேசியில் அனுப்பிய கடிதத்தோடு மறுநாள் போனேன், ஏற்கவில்லை. மூன்றாம் நாள் உறுதியின் பிரதிக்காக ஓர் அலுவலகத்தில் மதியம் வரை காத்திருந்தேன். உரியவர் விடுமுறை என்பதை யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் பிரதி கிடைத்தது, கடைசிப் படகு போய்விட்டது. இரவு புங்குடுதீவில், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில்.

நீங்கள் பெண்ணாகவும் காணி உங்கள் பெயரிலும் இருந்தால், கணவரின் சம்மதப் பத்திரத்தை எந்த வடிவில் எழுதி, யார் முன் ஒப்பமிட வேண்டும் என்று நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேட்டு, முடித்துக்கொண்டு புறப்படுங்கள். உறவினர் ஒன்றும் கேட்கமாட்டார் என்று நினைத்தாலும் செய்யுங்கள்.

தீவுக்குத் திரும்பியபோது மாமா பவளக்கல் மதிலில் சரிந்த இடத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். 1985 இல் நெடுந்தீவுப் பயணிகள் படகான குமுதினியில் நடந்த கொலைகளுக்குப் பின் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அன்றிலிருந்து அந்த மதிலை மாமாதான் அடுக்குகிறார். விரல்களெல்லாம் கல் கிழித்த தழும்பு. பத்து வருடம் தடையின்றித் தனதென்று ஆண்டவர் காணிக்கு உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. மாமா அந்த வழியை நாடவில்லை. நான் வரும்வரை காத்திருந்து, கேட்டார்.

அந்த நான்கு நாளும் மாமிதான் எனக்குச் சோறு போட்டார். கடைசி நாள் அவர்கள் இருவரையும் அழைத்து அம்மம்மாவின் அடுப்பில் கூழ் காய்ச்சினேன். சம்மதப் பத்திரம் தை மாதத்துக்குள் வந்துவிடும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.