கூகிள் மப்பில் உங்கள் கடை மேலே வர: யாழ்ப்பாணத்துச் சிறு வியாபாரிகளுக்கான செய்முறை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்தியில் நின்று ஒரு மாணவர் தன் ஆய்வேட்டைப் புத்தகமாகக் கட்டுவதற்குப் போனில் ‘தீசிஸ் பைண்டிங்’ என்று தேடுகிறார். மப்போடு மூன்று கடைகள் வருகின்றன. நாலு கடை தள்ளியிருக்கும் உங்கள் கடை அதில் இல்லை. இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. மப்பில் கடையின் விபரங்களைக் காட்டும் கூகிள் பிஸ்னஸ் புரொபைல் இலவசம். காசு கட்டி அந்த மூன்றுக்குள் இடம் வாங்கவும் முடியாது; விளம்பரம் வேறு கதை. “முதலாம் இடம் உத்தரவாதம்” என்று பக்கேஜ் விற்பவர் போன் எடுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

கூகிள் பார்ப்பதாகச் சொல்வது மூன்று விசயம்: தேடிய சொல்லுக்கு உங்கள் கடை எவ்வளவு பொருத்தம், தேடுகிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், கடை எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை மாற்ற உங்களால் ஏலாது. சுன்னாகத்தில் நிற்பவருக்குத் திருநெல்வேலிக் கடை முதலில் வரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். கீழே உள்ள வேலையெல்லாம் மற்ற இரண்டுக்குமானது.

முதலில் தேடுங்கள், பிறகு தொடங்குங்கள்

புதிதாகப் பதிவதற்கு முன் கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் மப்பில் தேடுங்கள். யாரோ ஏற்கனவே போட்டிருக்கலாம். கனடா போன மருமகன் தன் ஜிமெயிலில் திறந்துவிட்டுப் போயிருப்பார், பாஸ்வேர்ட் அவருக்கே ஞாபகம் இராது. அப்படியென்றால் இரண்டாவது ஒன்று திறக்காதீர்கள். ஒரே கடைக்கு இரண்டு புரொபைல் இருந்தால் ரிவியூக்கள் பிரியும், ஒன்று முடக்கப்படவும் கூடும். இருப்பதிலேயே “இது உங்கள் வியாபாரமா?” என்பதை அழுத்தி உரிமை கேளுங்கள். தற்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாள் உண்டு. பதில் வராவிட்டால் நீங்களே உறுதிப்படுத்தி எடுக்கும் வழி பெரும்பாலும் திறக்கும்.

எதுவும் இல்லையென்றால் கடைக்கென்றே ஒரு ஜிமெயில் திறந்து அதில் தொடங்குங்கள். வேலைக்கு நிற்கும் பிள்ளையின் கணக்கில் வேண்டாம். அவரைப் பிறகு மனேஜராகச் சேர்க்கலாம்.

பெயரும் வகையும்

பெயர்ப்பலகையில் உள்ளது எதுவோ அதுதான் பெயர். “யாழ்ப்பாணத்தின் சிறந்த மலிவு போட்டோக்கொப்பி” என்று பின்னால் ஒட்டினால் சில நாள் மேலே வரும், யாராவது முறையிட்டால் புரொபைல் முடங்கவும் கூடும்.

வகையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரதான வகை ஒன்று, மேலதிகமாக 9 வரை போடலாம். பிரதான வகைக்கு “கடை” போன்ற பொதுச் சொல்லை எடுக்காதீர்கள். பைண்டிங்கும் பிரிண்டும்தான் வருமானம் என்றால் அச்சுக் கடை என்பதற்குரிய வகையை முதலில் வையுங்கள். பேனா, கொப்பி விற்பது மேலதிக வகைக்குப் போகட்டும். சந்தேகமென்றால் இப்போது மேலே வரும் மூன்று கடைகளும் என்ன வகை வைத்திருக்கின்றன என்று பாருங்கள், கடைப் பெயருக்குக் கீழேயே தெரியும். ஒன்பதையும் நிரப்ப வேண்டும் என்றில்லை. செய்யாத வேலையைப் போடவே வேண்டாம்.

முகவரியும் மப்புப் பின்னும்: இங்கேதான் சறுக்கும்

முகவரிப் பெட்டியில் ‘திருநெல்வேலி’ என்று எழுதத் தொடங்கியதும் கூகிள் ஓடிப்போய்த் தமிழ்நாட்டில் நிற்கும். கீழே வரும் பரிந்துரையை அவசரத்தில் தொட்டுவிட்டால் கடை கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் ஒழுங்கு இது: முதலில் நாட்டை இலங்கை என்று தெரிவு செய்யுங்கள். பிறகு பரிந்துரை எதையும் தொடாமல், முதல் வரியில் இலக்கமும் வீதியும் (பலாலி வீதி, இராமநாதன் வீதி என்று), இரண்டாம் வரியில் திருநெல்வேலி, நகரம் யாழ்ப்பாணம், தபாற் குறியீடு 40000.

ஒழுங்கைக்குள் இலக்கம் இல்லாத இடமா? வீதி முகவரியால் இடத்தைப் பிடிக்க முடியாத ஊர்களில் அருகிலுள்ள அடையாளத்தைச் சேர்க்கக் கூகிள் அனுமதிக்கிறது. “பிள்ளையார் கோயிலடி” என்று இரண்டாம் வரியில் போடலாம். கடைப் பெயரில் போடவே வேண்டாம்.

அடுத்தது ‘பின்’, அதாவது மப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் குறி. மப்பைச் செய்மதிப் படத்துக்கு மாற்றி, கூரைகளைப் பார்த்து உங்கள் கட்டடத்தைக் கண்டுபிடியுங்கள். பின்னைக் கூரையின் நடுவில் வைக்காமல் வாசல் பக்கம் இழுத்து வையுங்கள். ஒரே காணிக்கு முன்னால் வீதியும் பின்னால் ஒழுங்கையும் இருந்தால், பின்பக்கம் சாய்ந்து நிற்கும் மப்புப் பின் வாடிக்கையாளரை ஒழுங்கைக்குள் கொண்டுபோய் மதிலுக்கு முன் நிறுத்தும். ஓட்டோக்காரர் உங்களுக்குப் போன் எடுப்பார், அல்லது எடுக்காமலே திரும்பிவிடுவார்.

பின் சரியா என்று பார்க்க மப்பில் அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள், இரண்டு எண்கள் வரும். யாழ்ப்பாண நகரமும் திருநெல்வேலியும் என்றால் முதலாவது 9.6 என்றும் இரண்டாவது 80.0 என்றும் தொடங்க வேண்டும். 8.7, 77.7 என்று வந்தால் நீங்கள் தாமிரபரணிக் கரையில் கடை திறந்திருக்கிறீர்கள். அதே திரையில் ‘பிளஸ் கோட்’ என்ற குறுங்குறியும் வரும். அதை எடுத்து வட்ஸ்அப்பில் வைத்திருங்கள். இலக்கமில்லாத ஒழுங்கைக்கு வழி சொல்ல அதைவிட நல்லது இல்லை.

வீட்டில் கேக் அடிப்பவர்களும் பலகாரம் செய்து கொடுப்பவர்களும் முகவரியை மறைத்துவிட்டுச் சேவைப் பகுதிகளைக் கொடுக்கலாம். 20 வரை போடலாம். கொக்குவில், கோண்டாவில், நல்லூர் என்று உண்மையில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களைப் போடுங்கள். முழு இலங்கையையும் போடாதீர்கள். ஏறக்குறைய 2 மணி நேர ஓட்டத்துக்குள் வைக்கச் சொல்வதுதான் கூகிளின் விதி.

வீடியோவால் உறுதிப்படுத்தல்

கடை உங்களுடையது என்று உறுதிப்படுத்தக் கூகிள் இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கும். குறைந்தது 30 செக்கன், ஒரே ஓட்டம், வெட்டி ஒட்டக் கூடாது. போனிலேயே, வீடியோ கேட்கும் அந்தக் கூகிள் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். அதில் மூன்று விசயம் தெரிய வேண்டும்: இடம், வியாபாரம், அது உங்களுடையது என்பது.

எடுக்கும் ஒழுங்கு: வீதிக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று வீதிப் பெயர்ப் பலகையோ பக்கத்துக் கடைகளின் பலகைகளோ தெரியத் தொடங்குங்கள். மெதுவாக உங்கள் பெயர்ப்பலகைக்கு வாருங்கள், எழுத்து வாசிக்கக் கூடியதாக இரண்டு மூன்று செக்கன் நிறுத்துங்கள். பிறகு திறப்பால் ஷட்டரைத் திறந்து உள்ளே போங்கள். வாடிக்கையாளர் போகாத பக்கத்துக்குப் போவதுதான் முக்கியம்: காசு லாச்சியைத் திறப்பது, பிரிண்டரை இயக்குவது, பின்னறைச் சாமான். கடைசியில் சுவரில் தொங்கும் வியாபாரப் பதிவுச் சான்றிதழில் பெயர் தெரியட்டும். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், மற்றவர்களின் முகம் வரக் கூடாது.

நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள்: உள்ளே மட்டும் எடுத்தது, பதிந்த பெயரும் பலகைப் பெயரும் வேறாக இருப்பது, இரவில் எடுத்து ரியூப்லைட் வெளிச்சத்தில் பலகை வெள்ளையாய்ப் போனது. காலையில், கடை திறக்கும் நேரத்தில் எடுங்கள். சிக்னல் நல்லாயிருக்கும் இடத்தில் அப்லோட் முடியும்வரை திரையை மூடாதீர்கள். பார்த்து முடிக்க 5 வேலை நாள் வரை ஆகலாம். அதற்குள் பெயர், முகவரி, வகை எதையும் தொடாதீர்கள்.

மிச்ச விபரங்கள்

போன் இலக்கத்தில் நாட்டுக் குறியீடு +94 ஏற்கனவே இருக்கும். 021 என்று தொடங்கும் இலக்கத்தின் முன் சைபரை விட்டு, 21 என்று தொடங்குங்கள்.

மத்தியானம் பூட்டுகிறவர்கள் ஒரே நாளுக்கு இரண்டு நேரப்பகுதி போடலாம்: 8.30–1.00, 2.30–7.00. தைப்பொங்கல், தீபாவளிக்குச் சிறப்பு நேரம் என்ற இடத்தில் திகதியோடு கொடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மறிப்பதால் அந்தப் பக்கத்துக் கடைகள் நேரத்தை மாற்றாமல் விட்டால், பூட்டிய கடைக்கு வந்தவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

விபரணத்துக்கு 750 எழுத்து இடமுண்டு. தமிழில் இரண்டு வரி, ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும்.

படம் போன் கமெராவே காணும். ஒவ்வொரு பக்கமும் 720 பிக்சல், 5 எம்பிக்குள். வெளிமுகப்பு பகலில் ஒன்று, உள்ளே இரண்டு, செய்த வேலை நாலைந்து. இணையத்தில் எடுத்த அழகான படங்களை விட மூலையில் பூனை படுத்திருக்கும் உங்கள் கடைப் படம் மேல். “நல்வாழ்த்துகள்” எழுதிய வடிவமைப்புகளைப் படப் பகுதியில் நிரப்பாதீர்கள்.

ரிவியூ

புரொபைலில் ரிவியூ கேட்கும் லிங்க்கும் கியூஆர் குறியும் கிடைக்கும். குறியைப் பிரிண்ட் எடுத்துக் காசு வாங்கும் மேசையில் ஒட்டுங்கள். வேலை முடிந்து மிச்சக் காசு கொடுக்கும்போது, “அண்ணை, ஏலுமெண்டால் கூகிளில ரெண்டு வரி எழுதிவிடுங்கோ” என்று கேட்பதுதான் பலன் தரும். கழிவு தருகிறேன், சொக்லேட் தருகிறேன் என்று கேட்பது விதிமீறல். ஊரில் உள்ள சொந்தம் முழுக்க ஒரே நாளில் எழுதினால் நல்லதென்று நினைக்காதீர்கள், கூகிள் பலவற்றைத் தூக்கிவிடும். கிழமைக்கு ஒன்றிரண்டு வந்தாலே காணும்.

தமிழில் எழுதியவருக்குத் தமிழில், ஆங்கிலத்தில் எழுதியவருக்கு ஆங்கிலத்தில் பதில் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தேடுபவர்கள்

ரொறன்ரோவில் இருந்து அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்ப நினைப்பவரின் போன், தன் ஊர்க் கடைகளைத்தான் காட்டும். அதனால் அவர் ‘ஜஃப்னா’ என்று சேர்த்து ஆங்கிலத்தில் தேடுவார். உங்கள் முகநூல் பக்கத்திலும், இணையத்தளம் இருந்தால் அதிலும், ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்திலும் இருக்க வேண்டும். பெயர், முகவரி, போன் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும், ஒன்றில் கே.கே.எஸ். வீதி, இன்னொன்றில் காங்கேசன்துறை வீதி என்று வேண்டாம்.

பலருக்கு வரும் இரண்டு சிக்கல்

“என் போனில் முதலாவதாய் வருது, மற்றவர்களுக்கு வரேல்லை.” நீங்கள் கடைக்குள் நின்று, உங்கள் கணக்கில் தேடுகிறீர்கள், வராமல் என்ன செய்யும்? உங்கள் கணக்கில்லாமல் தேடும் இன்கொக்னிற்றோ ஜன்னலில், அரை மைல் தள்ளி நின்று, கடைப் பெயரைச் சொல்லாமல் பொருளைச் சொல்லித் தேடிப் பாருங்கள். புரொபைலின் செயற்றிறன் பகுதியில் என்ன சொல் தேடி வந்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதும் மாதம் மாதம் இருக்கும்.

“கடைக்கே வராதவர் கூடாத ரிவியூ எழுதியிருக்கிறார்.” முதலில் அந்த ரிவியூவின் மூன்று புள்ளியை அழுத்தி, பொருத்தமான காரணத்தோடு முறையிடுங்கள். பிறகு சண்டை பிடிக்காமல் ஒரு வரிப் பதில்: “இந்தப் பெயரில் ஓடர் எதுவும் எங்களிடம் இல்லை, பற்றுச்சீட்டு இலக்கத்தோடு அழையுங்கள்.” தூக்கப்படாவிட்டால் மேன்முறையீடு ஒரு முறைதான், அதனால் காரணத்தைத் தெரிவு செய்யும்போது நிதானமாய்ச் செய்யுங்கள். சேவை பிடிக்கவில்லை என்று உண்மையான வாடிக்கையாளர் எழுதியதை முறையிட்டுப் பயனில்லை, அது அங்கேயே நிற்கும்.