மெயில் பாதியில் நிற்கிறதா? முதலில் போன் லைனைப் பாருங்கள்

மோடம் என்ற பெட்டி போன் லைனில் டயல் செய்து இன்டர்நெட்டை இணைத்த டயல்-அப் காலத்தில், விண்டோஸில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மெயில் புரோகிராம் இருந்தபோது எழுதிய குறிப்பு இது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். எனக்கு அதிகமாக போன் வருவது பொழுது சாயும் நேரத்தில்தான். குளிர்காலத்தில் ஜெர்மனியில் பிற்பகல் 2 மணி என்றால் நமக்கு மாலை 6.30. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரின் மெயில்கள் வரிசையாக வந்து விழும் நேரம் அது. சாம்பிளுக்கு அப்ரூவல் வந்ததா என்று தெரியாமல் கட்டிங் டேபிளில் துணி காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பதற்றத்தில் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இருக்கும் கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலையில் மெயில் வந்த கணக்கின் செட்டிங் மாலைக்குள் தானாக மாறிவிடாது. நின்றது போன் லைனிலா, இணைப்பிலா, மெயில் பெட்டியிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

மோடத்தில் இருந்து வயரைக் கழற்றி, அதே வயரில் சாதாரண போனை மாட்டுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் அடங்கிவிடும். அந்த அமைதியில் கொரகொரப்பு கேட்டால் கோளாறு லைனில்தான். ஐப்பசி மழையில் வெளி ஜாயிண்ட்டுகளில் ஈரம் ஏறும்போது இது சகஜம். புகார் கொடுக்கும்போது "இன்டர்நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், "பேசினால் இரைச்சலாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். லைன்மேன் எதைத் தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே புரியும். அதே லைனில் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ பேரலல் போன் போயிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். அங்கே யாராவது ரிசீவரை எடுத்தாலே இங்கே இணைப்பு அறுந்துவிடும். கால் வெயிட்டிங் வசதி இருந்தாலும் இதே கதைதான், எடுத்துவிடச் சொல்லுங்கள்.

டயல் செய்யும்போது வரும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 680 என்றால் டயல் டோன் இல்லை. ஆபீஸில் இன்டர்காம் பெட்டி வழியாக லைன் வந்தால், அதன் டோனை மோடம் அடையாளம் காணாமல் போகலாம். மோடம் செட்டிங்கில் டயல் டோனுக்குக் காத்திருக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டு, எண்ணுக்கு முன்னால் பூஜ்யமும் ஒரு கமாவும் போடுங்கள். 676 என்றால் எதிர்முனை பிஸி. 678 என்றால் பதில் இல்லை. 691 வந்தால் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் பாருங்கள். மணிக்கணக்கில் வாங்கிய பேக் தீர்ந்துபோனாலும் 691 வரலாம்.

இணைப்பு கிடைத்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகான் மேல் மவுஸை வைத்தால் வேகம் தெரியும். விநாடிக்கு 44,000 பிட்டுக்கு மேல் என்றால் நல்லது. 31,200 என்றாலும் கவலை வேண்டாம். நிலையாக நிற்கும் 31,200, அடிக்கடி அறுந்துபோகும் 48,000-ஐ விட மேல். 56கே மோடம் என்று பெயர் இருந்தாலும் வி.90 என்ற மோடம் தரத்தில் அனுப்பும் வேகம் 33,600-ஐத் தாண்டாது. வருவதை விட அனுப்புவது மெதுவாகப் போவது அதனால்தான்.

லைன் நன்றாக இருக்கிறது, பிரவுசரில் பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் மெயில் மட்டும் வரவில்லையா? அவுட்லுக் எக்ஸ்பிரஸ் காட்டும் நீண்ட பிழைக் குறியில் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். 0டி என்றால் சர்வர் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை. 92 என்றால் பாஸ்வேர்டை சர்வர் ஏற்கவில்லை. 0எஃப் என்றால் பாதியில் அறுந்தது. 19 என்றால் நேரம் கடந்துவிட்டது. நான் போகும் இடங்களில் அதிகம் பார்ப்பது கடைசி இரண்டும்தான்.

"ஏனுங்ண்ணா, நேத்து வந்த மெயிலே மறுபடியும் மறுபடியும் வருதுங்க, புதுசு ஒண்ணும் வரலைங்க" என்று ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சொன்னால், வரிசையில் ஒரு பெரிய மெயில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று நான் முடிவு செய்துவிடுவேன். சர்வரில் இருந்து மெயிலை இறக்கும் பாப்3 முறையில், வேலை முடிந்தது என்று நம் கம்ப்யூட்டர் முறையாக விடைபெற்ற பிறகுதான் சர்வர் பழைய மெயில்களை அழிக்கும். நடுவில் லைன் அறுந்தால் எதுவும் அழியாது. அடுத்த முறை முதல் மெயிலில் இருந்தே இறங்கத் தொடங்கி, அதே பெரிய மெயிலில் வந்து மறுபடி நிற்கும்.

அந்த மெயில் பெரும்பாலும் சுருக்கப்படாத பிஎம்பி படமாக இருக்கும். 1024க்கு 768 அளவில் ஒரு பிஎம்பி 2.25 எம்பி. மெயிலுக்காக மாற்றி எழுதும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடி 3 எம்பியைத் தாண்டும். விநாடிக்கு 4 கேபி இறங்கும் லைனில் அதற்கு 13 நிமிடம். அதையே சுருக்கிய ஜேபெக் படமாக 100 கேபியில் அனுப்பினால் அரை நிமிடம் சொச்சம்தான். டி-ஷர்ட் பிரிண்ட்டின் இடத்தையும் அளவையும் பார்க்க அது போதும்.

முதலில் கணக்கின் அட்வான்ஸ்டு பக்கத்தில், சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் டைம் அவுட்டை 1 நிமிடத்தில் இருந்து 5 நிமிடத்துக்கு நகர்த்துங்கள். ஆன்டிவைரஸ் மெயிலை இடையில் பிடித்து ஸ்கேன் செய்கிறது என்றால், அந்த மெயில் ஸ்கேனை மட்டும் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நின்றால், கட்டளைகளை அடித்து சர்வரோடு நேரடியாகப் பேசும் டெல்நெட்தான் வழி. அவுட்லுக்கை மூடிவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ரன் போய் டெல்நெட், மெயில் சர்வர் பெயர், 110 என்று இடைவெளி விட்டு அடியுங்கள். அப்புறம் யூசர் என்ற சொல்லும் உங்கள் பெயரும், பாஸ் என்ற சொல்லும் பாஸ்வேர்டும், எல்லாம் ஆங்கில எழுத்தில். பாஸ்வேர்டு திரையில் தெரியலாம், பின்னால் யாரும் நிற்கக் கூடாது. லிஸ்ட் என்று கொடுத்தால் ஒவ்வொரு மெயிலின் எண்ணும் அளவும் வரிசையாக வரும். 30 லட்சம் பைட் என்று ஒன்று நிற்கும், அதுதான் ஆள். அது 7-ஆம் எண் என்றால் டாப் 7 10 என்று கொடுங்கள். அனுப்பியவர், பொருள், முதல் பத்து வரிகள் தெரியும். யாருடையது என்று பார்க்காமல் அழிக்கவே கூடாது, அதில் எல்.சி. (பணத்துக்கு பேங்க் தரும் உறுதிக் கடிதம்) திருத்தமும் இருக்கலாம். அழிக்க டி, இ, எல், இ என்ற நான்கு எழுத்தும் மெயில் எண்ணும். முடிவில் க்விட் கொடுத்தே வெளியே வாருங்கள். ஜன்னலை மட்டும் மூடினால் அழிந்திருக்காது. பேக்ஸ்பேஸ் இங்கே உதவாது. தவறாக அடித்தால் எண்டர் தட்டிவிட்டு அந்த வரியை மறுபடி அடியுங்கள். ஆனால் அழிக்கும் வரியில் மட்டும் எண்டருக்கு முன் மெயில் எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

அனுப்பியவருக்கு உடனே எழுதி, ஜேபெக்காகத் திரும்பக் கேளுங்கள். இனி வராமல் இருக்க, மெசேஜ் ரூல்ஸில் 500 கேபிக்கு மேற்பட்டதை சர்வரில் இருந்து இறக்க வேண்டாம் என்று ஒரு விதி போட்டுவையுங்கள். பெரியவற்றை இரவில், வேறு யாருக்கும் போன் தேவைப்படாத நேரத்தில் அந்த விதியை நீக்கிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. சித்திரை, வைகாசியில் இடி இறங்கும்போது கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் போன் வயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மோடத்தை எரிக்கும் மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும். மேகம் கறுத்ததும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.