நங்கூரம் போட்டாச்சு, தூங்கலாம் என்பவர்களுக்கு

சனிக்கிழமை மதியம் பினாங்கின் வடக்குக் கரையோரமாகப் படகை ஓட்டிக்கொண்டு போய், தெலுக் பஹாங் மீனவக் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) எதிரே நங்கூரம் போட்டு, இரவு அங்கேயே தங்கி மறுநாள் திரும்பும் பழக்கம் எங்களில் சிலருக்கு உண்டு. படகு நண்பருடையது, 34 அடிப் பாய்மரப் படகு. நான் கயிறு இழுக்கிற ஆள். நாங்கள் செய்த தவறுகளும் பக்கத்துப் படகுக்காரர்கள் செய்யப் பார்த்தவையும் பலவிதம், ஆனால் வேர் ஒன்றுதான். மாலை நாலு மணிக்குப் பார்த்த கடல் விடிகாலை நாலு மணிக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் தண்ணீர் மட்டம் மாறிவிடும், காற்று திரும்பிவிடும், கம்பமும் எழுந்துவிடும்.

முதலில் தண்ணீர். பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 2 மீட்டர் வித்தியாசம் வரும். அஷ்டமி பக்கம் அதில் பாதிகூட இருக்காது. நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் லீவு போட்டுக் கடலுக்குப் போவது எப்போது? தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும், தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும், சீனப் புத்தாண்டும் அமாவாசைக் கணக்குதான். ஆக, பெருநாள் விடுமுறை என்றாலே கடல் அதிகமாக ஏறி இறங்கும் நாட்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் புறப்படும் முன் ஒரு பார்வை பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு, ஏற்ற வற்ற நேரம் சொல்லும் ஓத அட்டவணை இருக்கிறது.

இதை மறந்தால் இரண்டு விதமாக மாட்டிக்கொள்ளலாம். வற்றத்தில் போய்ச் சேர்கிறீர்கள், ஆழமானி 3 மீட்டர் காட்டுகிறது. ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி என்று எங்கேயோ படித்த ஞாபகத்தில் 15 மீட்டர் விட்டுவிட்டுச் சமைக்கப் போய்விடுகிறீர்கள். நள்ளிரவில் தண்ணீர் 2 மீட்டர் ஏறுகிறது. சங்கிலி தொங்குவது தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல, படகின் மூக்கிலிருந்து. அதற்கு இன்னொரு மீட்டர். உண்மையான உயரம் 6 மீட்டர் ஆகிவிட்டது, விட்டதோ 15. ஐந்து மடங்கு எங்கே, இரண்டரை எங்கே? சங்கிலி செங்குத்தாக நிற்க நிற்க நங்கூரம் தரையை உழுவதற்குப் பதிலாகத் தரையிலிருந்து பிடுங்கப்படும். அன்றைக்கு விட்டிருக்க வேண்டியது 30 மீட்டர். முழுக்கக் கயிறு என்றால் ஏழு மடங்காவது வேண்டும், கயிற்றுக்குக் கனம் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறு, உச்ச ஏற்றத்தில் கரைக்கு அருகே போய்ப் போடுவது. 3.5 மீட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுத்தால், விடிகாலையில் 1.5 மீட்டர்தான் இருக்கும். படகின் அடிப்பாகம் 1.8 மீட்டர் இறங்கியிருந்தால் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துதான் எழுந்திருப்பீர்கள். சேற்றுத் தரை என்பதால் பெரும்பாலும் படகுக்கு ஒன்றும் ஆகாது, மானம் மட்டும் போகும். கம்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஜெட்டியில், அதாவது படகுத் துறையில், நின்று பார்ப்பார்கள்.

அடுத்தது காற்று. எனக்குப் பயம் இதில்தான். சாதாரண இரவில் மலையிலிருந்து கடல் பக்கம் இளங்காற்று வீசும். படகு மூக்கைக் கம்பத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, பின்புறம் கடலைப் பார்த்தபடி சாதுவாக நிற்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ரா காற்று என்று ஒன்று வரும். இரவில் மலாக்கா நீரிணை மேலே இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு கிழக்கே நகரும், விடியலுக்குச் சற்று முன்போ காலையிலோ நம்மை அடிக்கும். 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) வரை, சில சமயம் அதற்கு மேலும் வீசும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும், ஆனால் அந்த நேரம் போதும். 10 நாட் காற்று 40 நாட் ஆனால் படகின் மேல் விழும் விசை நாலு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு.

அதைவிட மோசம், அது வரும் திசை. தெலுக் பஹாங் வடக்கே திறந்திருக்கும் குடா. மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ அடிக்கும்போது படகு அப்படியே திரும்பி, பின்புறத்தைக் கரைக்குக் காட்டும். மாலையில் ஒரு பக்கமாக இழுபட்டு மண்ணில் பதிந்த நங்கூரம் இப்போது எதிர்ப் பக்கமாக இழுபடுகிறது. பெயர்ந்து வந்தால், மறுபடியும் பதிவதற்குள் கரை வந்துவிடும். மாலையில் படகுக்கும் கரைக்கும் இருந்த தூரத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். விட்ட சங்கிலி, படகின் நீளம் இரண்டையும் கூட்டி, அந்த அளவுக்கு நங்கூரத்தைச் சுற்றி மனதில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டம் முழுக்க ஆழமும் வெற்றிடமும் வேண்டும். பக்கத்துச் சம்பான் (மீனவர்களின் சிறு படகு) முன்னும் பின்னும் கட்டப்பட்டிருந்தால் அது அசையாது, நீங்கள் மட்டும் சுற்றுவீர்கள். முகா முனைக்குக் கிழக்கே மங்கி பீச் பக்கம் மேற்குக் காற்றுக்கு ஓரளவு மறைவு கிடைக்கும். மேற்கே திரும்பிய பந்தாய் கெராச்சுட்டில் அந்த மாதங்களில் இரவு தங்க எனக்கு மனம் வராது. ஆமைகள் முட்டையிட வரும் கரை வேறு, விளக்கடித்துக்கொண்டு கிடப்பதும் சரியில்லை.

நங்கூரத்தைத் தொப்பென்று போட்டு, சங்கிலியை அதன் தலையிலேயே குவித்துவிட்டு, ‘பிடிச்சிருச்சு’ என்று கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிக்கவில்லை, சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். மெல்லப் பின்னால் போய்க்கொண்டே சங்கிலியை விட வேண்டும். அப்புறம் இஞ்சினை ரிவர்ஸில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துத் தரை இளஞ்சேறு என்பதால் நங்கூரம் அமிழ ஐந்து, பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு பலமாக இழுப்பது என் வழக்கம். இழுக்கும்போது ஜெட்டி முனையும் பின்னால் ஒரு தென்னையும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கோடு விலகினால் இழுபடுகிறது என்று அர்த்தம். இரவுக்கும் அப்படி இரண்டு விளக்குகளைக் குறித்து வையுங்கள், போனில் உள்ள அலாரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, கம்பத்துக்கு வருவோம். ஒரு தடவை ஜெட்டியிலிருந்து படகுகள் வெளியேறும் வழிக்கு நேராகவே போட்டுவிட்டோம். மாலையில் ஒரு படகும் அசையவில்லை, அமைதியான இடம் என்று மெச்சிக்கொண்டோம். விடிகாலை நாலரைக்குப் படகின் வயிற்றில் யாரோ துடுப்பால் தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் வயதான மலாய் மீனவர், பின்னால் நாலைந்து சம்பான். “அடிக், சினி ஜாலான் கமி” என்றார். தம்பி, இது எங்கள் வழி. திட்டவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. “மாஆஃப், பாக் சிக்” (மன்னியுங்கள், ஐயா) என்று சொல்லிவிட்டு இருட்டில் நங்கூரத்தைத் தூக்கினோம். அதற்குப் பிறகு, போடும் முன் கரையில் யாரிடமாவது கேட்டுவிடுகிறோம். வலை எங்கே, மீன் கூண்டு எங்கே, வழி எது என்று இரண்டு நிமிடத்தில் கை காட்டிவிடுவார்கள். மிதக்கிற பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் குப்பை இல்லை, பல சமயம் அது வலையின் மிதவை.

விளக்கு விஷயத்திலும் அவர்களை நினைக்க வேண்டும். நங்கூரமிட்ட படகு இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு காட்ட வேண்டும், பகலில் கருப்புப் பந்து. பாய்மர உச்சியில் எரியும் விளக்கைத் தாழ உட்கார்ந்து வருகிற சம்பான்காரர் நட்சத்திரம் என்று நினைப்பார். மேல்தளத்தின் முன்பக்கமும் ஒன்று தொங்கவிடுங்கள்.

பினாங்கின் கிழக்குக் கரைக்கு அருகே உள்ள ஜெரெஜாக் தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே நீரோட்டம்தான் ராஜா. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் படகு ஓட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கும், ஏற்றம் வற்றமாக மாறும்போது திரும்பிக்கொள்ளும். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடலடியில் தண்ணீர்க் குழாய்களும் கேபிள்களும் உண்டு. வரைபடத்தில் ஊதா நிறக் கோடு தெரிந்தால் அங்கே போடவே கூடாது.

காலையில் தூக்கும்போது நங்கூரத்தோடு வலையும் வந்தால் கத்தியை எடுக்காதீர்கள். வலையின் அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்துப் படகில் கட்டி, நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாவிட்டால் கம்பத்து ஆளைக் கூப்பிடுங்கள், அது அவர் பிழைப்பு. அப்புறம் ஒரு வாளியும் தேய்க்கிற பிரஷும் முன்பக்கம் தயாராக இருக்கட்டும். அந்தக் கருஞ்சேற்றைக் கழுவாமல் சங்கிலியை உள்ளே விட்டால் அடுத்த சனிக்கிழமை வரை படகு நாறும்.