பவுண் என்றால் நகை இல்லை: பட்டப்படிப்புச் செலவில் நாங்கள் விடும் தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தை வாசலில் செருப்புகள் கூடிவிடும். திருகோணமலை உவர்மலையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் நிரப்பத் தெரியும், ஆங்கிலத் தாளை வாசித்துப் பொருள் சொல்லத் தெரியும் என்பதால் அயலவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அண்மையில் மூதூரிலிருந்து ஒரு தம்பி தன் வாப்பாவோடு வந்தான். அவன் நீட்டிய தனியார் கல்வி நிறுவனச் சேர்க்கைத் தாளைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2021இல் நான் கையொப்பமிட்ட தாளின் அச்சு அசல். நிறுவனம் வேறு, இலச்சினை வேறு; வலை ஒன்றுதான்.

போலிப் பட்டம் விற்பவர்கள், பணத்தோடு மறைந்துபோகும் முகவர்கள் ஆகியோரைப் பற்றி எழுதப்போவதில்லை. அதைச் சொல்லப் பத்திரிகைகள் இருக்கின்றன. புத்தியுள்ள குடும்பங்களும் தடுக்கி விழுகின்ற இடங்களைத்தான் சொல்கிறேன்.

அரச பல்கலைக்கழகத்துக்குச் செலவே இல்லை என்று நம்புவது

பாடக் கட்டணம் இல்லை என்பது மெய். 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியின் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் அறைக்கும் சோற்றுக்கும் மடிக்கணினிக்கும் அந்தச் சலுகை இல்லை. இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்துக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகளைப் பாருங்கள். விடுதி கிடைக்காத ஆண்டில் நிலாவெளிப் பக்கம் அறை தேட வேண்டும். கடற்கரை சீசன் தொடங்கிவிட்டால் அதே அறையில் வெள்ளைக்காரரை இருத்தவே வீட்டுக்காரருக்கு மனம் வரும்.

மகாபொல என்ற அரச புலமைப்பரிசில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1981இலிருந்து இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதத்துக்கு 5,000 ரூபாவாக இருந்ததை 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கான பேர்சரி உதவித்தொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆனது. தொகையைக் குறை சொல்ல வரவில்லை. அது வந்து சேரும் நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதே என் குறை. பதிவு முடிந்து, பெயர்ப்பட்டியல் வெளியாகி, வங்கிக் கணக்கில் முதல் தவணை விழுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அறைக்கு முற்பணம் கேட்பவரிடம் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று சொன்னால் திறப்பைத் தரமாட்டார். முதல் ஆறு மாதங்களுக்கான பணத்தை வீட்டிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள்.

வருமானச் சான்றிதழைக் கடைசி நாளுக்கு விடுவது

மகாபொல, பேர்சரி விண்ணப்பத்துக்கான இந்தச் சான்றிதழில் கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட்ட பிறகு பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். இரண்டு மேசை, இரண்டு நாள்.

தள்ளுபடியைப் புலமைப்பரிசில் என்று நம்புவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடிவதில்லை.

கொழும்பில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்துக்குச் சேர்ந்தேன். இரவு பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் கூடவே வந்தார்கள். குளிரூட்டிய அறை, பிஸ்கட், தேநீர். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் நல்ல தமிழில் பேசினார். என் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஐம்பது வீதப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது என்றார். அம்மாவின் கண் கலங்கியது. புலமைப்பரிசில் என்பது எங்கள் வீடுகளில் சாமி அறையில் வைக்கின்ற சொல். ஐந்தாம் வகுப்பில் அது கிடைக்கவில்லையே என்று அழுத பிள்ளைக்கு இருபது வயதில் கிடைத்தால் யார்தான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவார்கள்?

முதல் பக்கத்தில் பாடநெறிக் கட்டணம் 9 இலட்சம் ரூபா, கழிவு போக நாலரை இலட்சம், தவணை முறையில் கட்டலாம் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி: பல்கலைக்கழகக் கட்டணம் 2,400 ஸ்ரேலிங் பவுண், இரண்டாம் ஆண்டு தொடங்குமுன், அன்றைய வங்கி விலைப்படி. அவர் அதை வாசித்துக் காட்டத்தான் செய்தார். பவுண் என்றதும் அம்மா நகைப் பவுண் என்று நினைத்துத் திடுக்கிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டேன்.

அப்போது ஒரு ஸ்ரேலிங் பவுண் ஏறத்தாழ 275 ரூபா. 2,400 பவுணுக்கு 6 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. சமாளிக்கலாம் என்று அப்பா மனக்கணக்குப் போட்டார். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவின் பிடியை விட்டது. மே மாதம் அந்தக் கட்டணத்தைக் கேட்டு எனக்கு மின்னஞ்சல் வந்தபோது பவுண் 450 ரூபாவைத் தொட்டிருந்தது. அதே 2,400 பவுண் இப்போது 10 இலட்சத்து 80 ஆயிரம். நாலு இலட்சத்து இருபதாயிரம் ரூபா கூடுதல். எனக்குத் தந்த புலமைப்பரிசிலை ஏறக்குறைய முழுவதுமாக வாரிக்கொண்டு போனது.

அப்பா படகின் எஞ்சினை விற்கப் புறப்பட்டார். மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகெல்லாம் கரையில் கிடந்த காலம் அது. ஓடாத எஞ்சினை யார் வாங்குவார்? பாதி விலைக்கும் குறைவாகக் கேட்டார்கள். கடைசியில் அம்மாவின் பவுண்தான் அடகுக்குப் போனது. அன்று வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நிறுவனம் என்னை ஏமாற்றியதா? சட்டப்படி இல்லை. வரி இருந்தது, வாசித்தும் காட்டினார்கள். மொத்தச் செலவில் கால்வாசியைக் குறைத்துவிட்டு அதற்கு ஐம்பது வீதப் புலமைப்பரிசில் என்று பெயர் வைத்ததே என் ஆத்திரம். மூதூர்த் தம்பியின் தாளிலும் தொகைகள் ஏறக்குறைய என்னுடையவைதான். இன்றைக்கு ஒரு பவுணை 400 ரூபா என்று வைத்துக்கொண்டால் பல்கலைக்கழகக் கட்டணம் 9 இலட்சத்து 60 ஆயிரம், பாடநெறிக் கட்டணம் 9 இலட்சம். ஆக மொத்தம் 18 இலட்சத்து 60 ஆயிரம். கழிவு நாலரை இலட்சம். கால்குலேட்டரை அவன் கையிலேயே கொடுத்து வகுக்கச் சொன்னேன். 24 வீதம் என்று வந்தது. வாப்பா இரண்டு முறை திரும்பப் போடச் சொன்னார்.

பிறகு அந்த விறாந்தையில் இருந்தே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கவைத்தேன். பவுணில் கட்ட வேண்டியது மொத்தம் எத்தனை, எந்த மாதத்தில்? ரூபாவிலேயே இப்போது கட்டி முடிக்க வழி உண்டா? ஒரு பாடத்தில் தவறினால் மீள்பரீட்சைக் கட்டணம் எந்த நாணயத்தில்? இரண்டாம் ஆண்டோடு நின்றால் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. மற்றவற்றுக்கு, நேரில் வாருங்கள் பேசலாம் என்றார்கள். எழுத்தில் அனுப்புங்கள் என்று தம்பி சொன்னான். நல்ல பிள்ளை, 2021இல் எனக்கு அது வாயில் வரவில்லை.

வட்டியில்லாக் கடன் எந்த நிறுவனத்துக்கும் கிடைக்கும் என்று நினைப்பது

கிடைக்காது. அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017இலிருந்து நடக்கிறது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளைகளுக்கு அது மெய்யாகவே பெரிய கை. ஆனால் அமைச்சு வெளியிடும் பட்டியலில் உள்ள நிறுவனத்துக்கு, அந்தப் பட்டியலில் உள்ள பட்டநெறிக்கு மட்டுமே. ஒரே கட்டடத்தில் ஒரு மாடிப் பாடநெறி பட்டியலில் இருக்கும், அடுத்த மாடிப் பாடநெறி இராது. எங்கள் நிறுவனத்துக்குக் கடன் உண்டு என்று விளம்பரம் சொன்னால், நீங்கள் சேரப்போகும் நெறியின் பெயரைப் பட்டியலில் விரல் வைத்துத் தேடுங்கள்.

வட்டி இல்லை என்பதற்காக இனாம் என்று மயங்கவும் வேண்டாம். படிக்கும் காலத்தில் தவணை இல்லை, அதன் பிறகு உண்டு. வட்டியை அரசு கட்டுகிறது, முதலை நீங்கள் கட்டுகிறீர்கள்.

பிணைக்கு மாமாவை நம்புவது

வங்கிக் கடனுக்குப் பிணை நிற்க அரச உத்தியோகத்தரான மாமாவிடம் போகுமுன், அவர் ஏற்கெனவே எத்தனை மருமக்களுக்கு நிற்கிறார் என்று மாமியிடம் கேளுங்கள்.

தாளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவது

கையொப்பமிட்ட எல்லாப் பக்கங்களையும் அங்கேயே பிரதி எடுங்கள். என் மூன்றாம் பக்கம் ஓராண்டு முழுக்க அவர்களுடைய கோப்பில் மட்டுமே இருந்தது.